வாட்டர்ஃப்ரண்டுக்கு என்ன சொல்: நீர்முகப்பா, நீர்த்துறையா?

எல்லோருக்கும் வணக்கம்.

சிங்கப்பூர் மரீனா பே பற்றிய ஒரு கட்டுரையைக் கட்டடக்கலை மாணவர்களுக்காகத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். தலைப்பிலேயே வண்டி நின்றுவிட்டது. வாட்டர்ஃப்ரண்ட் கன்வென்ஷன் அண்ட் கல்ச்சுரல் டிஸ்ட்ரிக்ட், அதாவது நீரோரத்தில் மாநாட்டு அரங்கும் கலையரங்கும் கூடிய பகுதி. போன வாரம் இங்கே கேட்டதற்கு மூன்று சொல் வந்தது: கடல்முகப்பு, நீர்முகப்பு, கடற்கரைப் பண்பாட்டு மாவட்டம். அனுப்பியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், மூன்றும் எனக்கு ஒட்டவில்லை.

முதலில் கடல். அங்கே கட்டடங்களுக்கு முன்னால் கிடப்பது இப்போது கடலே இல்லை. 1970களில் கடலைத் தூர்த்து நிலமாக்கியபோது நடுவில் ஒரு குடா மிஞ்சியது. அதன் வாயில், 350 மீட்டர் அகலக் கால்வாயின் குறுக்கே, 2008இல் மரீனா அணைக்கட்டைக் கட்டி ஒன்பது மதகு வைத்தார்கள். மழைநீர் சேரச் சேர உப்பு போய் நன்னீராகிவிட்டது. தீவின் ஆறில் ஒரு பங்கு நிலத்தில் பெய்யும் மழை இங்கேதான் வந்து சேர்கிறது. கனமழையும் கடலேற்றமும் ஒரே நேரத்தில் வந்தால் மதகைத் திறக்க முடியாது, திறந்தால் கடல் உள்ளே வந்துவிடும். அப்போது ஏழு பெரிய பம்புகள் நீரை இறைத்துக் கடலில் தள்ளும். கரை, மதகு, நீர்ப்பிடிப்பு எல்லாம் இருக்கிறது. நம் ஊரில் இதை ஏரி என்போம். 2017 நவம்பரில் கிருஷ்ணகிரி அணையில் ஒரு மதகு உடைந்த நாட்களை நினைத்துப் பார்த்தால், மதகு என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

வடிவமைப்பே இதன்மேல்தான் நிற்கிறது. நீர் ஏறி இறங்கும் கரையென்றால் உயரமாகச் சுவர் எழுப்பி மேலே நின்று எட்டிப் பார்க்கத்தான் முடியும். ஒகேனக்கல்லில் நீர்வரத்து கூடினால் பரிசலுக்குத் தடை என்று அறிவிக்கிறார்களே, அந்தத் தொல்லை. மரீனாவில் நீர்மட்டத்தைப் பிடித்து வைத்திருப்பதால் நடைபாதையை நீருக்குப் பக்கத்திலேயே தாழ்த்திப் போடலாம், படி இறக்கலாம். 2002இல் திறந்த எஸ்பிளனேடு கலையரங்கமும் 2010இல் வந்த மரீனா பே சாண்ட்ஸ் மாநாட்டு அரங்கும் இந்த நீரை ஊர்ப் பொதுவெளிபோல நடுவில் வைத்துக்கொண்டு நிற்கின்றன.

அடுத்து, நீர்முகப்பு. இது ஆங்கிலச் சொல்லைத் தோலுரித்து எலும்பை மட்டும் தமிழில் வைத்தது. கொத்தனாரிடம் முகப்பு என்றால் வீட்டின் முன்பக்கத்தைக் காட்டுவார். ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டும் அண்ணன் ஒருவரிடம் சும்மா சொல்லிப் பார்த்தேன். கவிழ்த்து வைத்த பரிசலின் அடியில் தார் பூசிக்கொண்டிருந்தவர் நிமிராமலே, “தண்ணி டேங்க்கா சார்?” என்றார். ஆட்கள் இறங்கி ஏறும் இடத்துக்கு நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். “துறைதான். பரிசல் துறை.”

அந்தச் சொல் நமக்குப் புதிதா? புறநானூறு 94இல் ஔவையார் நம் தகடூர் (இன்றைய தருமபுரி) அதியமானைப் பாடும்போது ‘நீர்த்துறை படியும் பெருங்களிறு போல’ என்கிறார். ஊர்ப் பிள்ளைகள் கொம்பைக் கழுவிவிட, பேசாமல் நீரில் படிந்து கிடக்கிற யானை. மக்கள் இறங்கி வந்து கூடுகிற நீரோரம் அது. ஆகவே என் ஓட்டு நீர்த்துறைக்கு.

மாவட்டம் மட்டும் வேண்டாம். 1965இல் சேலத்திலிருந்து தருமபுரி மாவட்டமாக நாம் பிரிந்தோம், 2004இல் நம்மிடமிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. மாவட்டம் என்றாலே இங்கே கலெக்டர் ஆபீஸ்தான் ஞாபகம் வரும். வட்டாரம் போடலாமா?

(தருமபுரியிலிருந்து)

*

அண்ணா, வணக்கம். ஓசூரிலிருந்து எழுதுகிறேன்.

ஏரி என்று சொன்னது நன்றாக இருந்தது. ஆனால் வட்டாரமும் தப்பாது, வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் போய் நிற்கும். எங்கள் ஊரில் ஒரு சொல் தினமும் பஸ்ஸில் அடிபடுகிறது: சிப்காட் தொழிற்பேட்டை. ஒரு வேலைக்கென்று ஒதுக்கி, அதற்கான சாலை, கட்டடம் எல்லாம் சேர்த்து அமைத்த இடம்தானே பேட்டை? தொழிலுக்குத் தொழிற்பேட்டை என்றால் கலைக்குக் கலைப்பேட்டை. எஸ்பிளனேடு, மாநாட்டு அரங்கு, அருங்காட்சியகம், நடைபாதை எல்லாம் இதில் அடங்கிவிடும்.

கன்வென்ஷன் சென்டருக்கு மாநாட்டு அரங்கு என்றே விட்டுவிடுங்கள். இங்கே கன்வென்ஷன் ஹால் என்று போர்டு வைத்தால் கல்யாணப் பத்திரிகையும் மொய்க் கவருமாகத்தான் வருகிறார்கள்.

இன்னொன்று. வெப்பமண்டலத் தீவு என்றால் வெயிலும் மழையும்தான் முதல் வாடிக்கையாளர். எஸ்பிளனேடின் கண்ணாடிக் கூரைமேல் 7,000க்கும் மேற்பட்ட அலுமினிய வெயில் மறைப்புகள் முள்முள்ளாக நிற்கின்றன. அதைப் பார்த்துத்தான் ஊரார் டுரியான் பழம் என்று பெயர் வைத்தார்கள். கூரை போட்ட நடைபாதைக்கு யாராவது ‘மூடுநடைவழி’ என்று எழுதுவதற்குள் சொல்லிவிடுகிறேன், அது தாழ்வாரம். கடைவீதி வீடுகளுக்கு முன்னால் தாழ்வாரம் விட வேண்டும் என்பது, அங்கே ஆங்கிலேயர் குடியேற்றத்தை நிறுவிய ராஃபிள்ஸின் 1822 நகரத் திட்டத்திலேயே உண்டு. உங்கள் கட்டுரையில் அது இல்லையென்றால் ஒரு வரி சேருங்கள்.

*

தம்பி,

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் முப்பது வருடம் குடியிருந்தவன் சொல்கிறேன். பேட்டை நல்ல சொல்தான், சந்தை கூடிய இடம். ஆனால் இன்றைக்குப் பையன்களிடம் பேட்டை என்றால் பின்னாலேயே ரவுடி என்று வருகிறது. அதைவிடப் பெரிய சிக்கல், நீர்த்துறைக் கலைப்பேட்டை என்று சேர்த்துப் படித்தால் நீர்வளத்துறை நடத்தும் கலைப்பேட்டை மாதிரி இருக்கிறது. துறை என்றால் டிபார்ட்மென்ட் என்று ஆகி எத்தனை காலம்! உன் பரிசல்காரர் வெறும் துறை என்று சொல்லவில்லை, பரிசல் துறை என்று முன்னால் ஒன்றைப் போட்டுத்தான் சொன்னார். கவனித்தாயா?

*

ஐயா, கவனிக்கவில்லை. அது என் தப்பு.

முன்னால் ஒரு சொல் வேண்டும், அதுவும் ஆபீஸ் வாசனை இல்லாத சொல். அப்படிப் பார்த்தால் கையிலேயே இருக்கிறது: படித்துறை. எந்த அலுவலகத்துக்கும் அந்தப் பெயர் கிடையாது. குளிக்கிற இடம்தானே என்று கேட்பீர்கள். ஆடிப்பெருக்கன்று படித்துறையில் குளிப்பது மட்டுமா நடக்கிறது? படையல், கடை, வேடிக்கை, உட்கார்ந்து சோறு தின்பது எல்லாம் அங்கேதான். மரீனாவில் குளிக்க முடியாது, மற்றதெல்லாம் உண்டு.

ஆனால் படியே இல்லாத கரைக்கு இது பொருந்தாது. அலையாத்திக் காட்டோரம் மரப்பாலம் போட்டிருந்தால் அது படித்துறை ஆகாது. அங்கே ‘கரையோரம்’ என்று சாதாரணமாக எழுதிவிடப் போகிறேன். எல்லாவற்றுக்கும் ஒரே சொல் வேண்டும் என்று அடம்பிடித்ததால்தான் நீர்முகப்பில் போய் மாட்டினோம். ஔவையாரின் யானையை விட மனமில்லை, நீர்த்துறையை ஒரு பெட்டிக் குறிப்பில் வைத்துக்கொள்கிறேன்.

ஓசூர்த் தங்கைக்கு: கலைப்பேட்டையை எடுத்துக்கொண்டேன், தாழ்வாரத்தையும். ரவுடியைப் பற்றி ஐயா சொன்னது சரிதான், ஆனால் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிறவர்கள் யாரும் அதைச் சொல்லித் தயங்கியதாகத் தெரியவில்லை.

இப்போதைக்குத் தலைப்பு: ‘படித்துறைக் கலைப்பேட்டை: வெப்பமண்டலத் தீவில் ஓர் ஏரிக்கரை’. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மறுப்பு இருந்தால் வியாழன் இரவுக்குள் எழுதுங்கள், அப்புறம் எழுதினால் பிழைதிருத்தப் பட்டியலில்தான் போட முடியும்.