மின்சார, தண்ணீர் அலுவலகங்கள் பழைய பதிவேடுகளை எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும்?

கேள்வி (சுங்கை சிப்புட், மலேசியா):
எங்கள் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) நெடுங்காலம் வாழ்ந்ததற்குச் சான்றாக, வீட்டுக்கு முதலில் மின் இணைப்பு கொடுத்த பதிவைக் கேட்டோம். 7 ஆண்டுக்கு முந்தியது எதுவும் இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள். அம்மா தகர டப்பாவில் வைத்திருக்கும் 1981ஆம் ஆண்டு வைப்புத்தொகை ரசீதில் மீட்டர் எண் இன்றும் தெளிவாக இருக்கிறது. அலுவலகத்தில் மட்டும் இல்லாமல் போகலாமா?

பதில் 1:
2016 நிறுவனச் சட்டத்தின் 245ஆம் பிரிவு கணக்குப் பதிவுகளுக்கு விதிக்கும் குறைந்தபட்ச வரம்பே அந்த 7 ஆண்டு. அதன்பின் அழித்தே தீரவேண்டும் என்று அது சொல்லவில்லை. ஒப்பந்த வழக்குக்கு 1953 காலவரம்புச் சட்டம் 6 ஆண்டே தருவதால், மாத பில்லுக்கு 7 ஆண்டு போதும். ஆனால் வைப்புத்தொகைப் பதிவு, பணம் திருப்பித் தரப்படும்வரை இருந்தாக வேண்டும். குழாய் வரைபடங்களோ, குழாய் மண்ணுக்கடியில் கிடக்கும் காலம் முழுதும் தேவை. பழைய கல்நார் சிமெண்டுக் குழாய் எங்கே போகிறது என்று தெரியாமல் தோண்டினால் ஊரே தண்ணீரில்லாமல் தவிக்கும்.

பதில் 2:
ஐயா, 1990 வரை தீபகற்ப மலேசியாவில் மின் விநியோகம் பெரும்பாலும் லெம்பாகா லெட்ரிக் நெகாரா என்ற சட்டபூர்வ வாரியத்திடம் இருந்தது; அதன் பதிவுகள் பொதுப் பதிவுகளாகலாம். 2003 தேசிய ஆவணக் காப்பகச் சட்டப்படி, அரசு அலுவலகங்களும் சட்டபூர்வ அமைப்புகளும் காப்பகத் தலைமை இயக்குநரின் அனுமதியின்றிப் பொதுப் பதிவுகளை அழிக்கக் கூடாது. ஆகவே பதிவு எங்கே என்பதோடு நிற்காமல், எப்போது, யார் அனுமதியில் அழிக்கப்பட்டது என்றும் எழுத்து மூலம் கேளுங்கள். ரசீதின் நகலை மனுவுடன் இணையுங்கள். மூலத்தை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.