ஓஷீ படங்கள் நிஜமாகவே போர் அடிக்குமா? வளவில் திரையிட எதை எடுக்கலாம்?

காரைக்குடித்திரை:

வணக்கம். காரைக்குடியில் ஒரு பழைய வீட்டு வளவில், அதாவது உள்முற்றத்தில், மாதம் ஒரு படம் போடுகிறோம். முப்பது, நாற்பது பேர் வருவார்கள். அடுத்து ஜப்பானிய அனிமே இயக்குநர் மமோரு ஓஷீ என்று பேச்சு எழுந்ததும் குழு இரண்டாகப் பிரிந்துவிட்டது. "ஒண்ணுமே நடக்காது. மழை, நாய், பறவை, சும்மா ஊரைக் காட்டிக்கிட்டே இருப்பாரு. ஜனம் பாதியில எழுந்துரும்" என்கிறது ஒரு கட்சி. அந்த நிதானத்துக்காகத்தான் பார்க்கவே வேண்டும் என்கிறது மற்றது. எந்தக் காட்சி, ஏன் என்று இரண்டு தரப்பும் சொல்லமாட்டேன் என்கிறார்கள்.

விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். போர் அடிக்கிறது என்றால் எந்த இடத்தில் அடிக்கிறது? ஓஷீயை முதன்முதலாகப் பார்ப்பவர்களுக்கு எந்தப் படம்? எங்களிடம் ஆங்கில சப்டைட்டில்தான் இருக்கிறது. இடத்தையும் சொல்லிவிடுகிறேன்: நடுவில் வானம் பார்த்த முற்றம், நாலு பக்கமும் தேக்குத் தூண், பளபளக்கும் வெள்ளைப் பூச்சுச் சுவர், ஆத்தங்குடிக் கல் தரை.

பட்டாலை:

முதல் படம் 1995இல் வந்த 'கோஸ்ட் இன் த ஷெல்'. இதில் யோசிக்கவே வேண்டாம். ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவு. துப்பறியும் கதை ஒன்று முதுகெலும்பாக ஓடுகிறது. துப்பாக்கிச் சண்டை இருக்கிறது. புதியவர்களுக்குப் பிடிமானம் வேண்டும், இதில் கிடைக்கும்.

"சும்மா ஊரைக் காட்டுகிறார்" என்று உங்கள் ஆட்கள் சொல்வது இந்தப் படத்தின் நகரக் காட்சியைத்தான். மூன்று நிமிடத்துக்கு மேல் ஒரு வசனம் கிடையாது. அதைத் தனியாக எடுத்துப் பார்த்தால் சுற்றுலா விளம்பரம் போலத்தான் தெரியும். முன்னால் என்ன வந்தது, பின்னால் என்ன வருகிறது என்று சேர்த்துப் பாருங்கள். அதற்குச் சற்று முன்பு, ஒரு குப்பை வண்டிக்காரனை உட்காரவைத்து விசாரிக்கிறார்கள். மனைவி, மகள் என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கும் குடும்பமே யாரோ அவன் மூளைக்குள் எழுதி வைத்த பொய். மகள் என்று அவன் காட்டிய புகைப்படத்தில் மகளே இல்லை. அடுத்து, மூளை தவிர மற்றதெல்லாம் இயந்திரமாகிவிட்ட நாயகி குசனாகி, கடலில் மூழ்கி எழுந்து படகில் உட்கார்ந்து 'நான் என்பது எது' என்று பேசுகிறாள். அதன் பிறகுதான் நகரம்.

இப்போது காட்சியைக் கவனியுங்கள். படகு கால்வாயில் போகிறது, குசனாகி அண்ணாந்து பார்க்கிறாள். மேலே ஒரு கடையின் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். அதே முகம், அச்சு அசல். யாரும் எதுவும் சொல்வதில்லை, படம் அடுத்த தெருவுக்குப் போய்விடுகிறது. கொஞ்ச நேரத்தில் கடை ஜன்னலில் துணிக்கடைப் பொம்மைகள் நிற்கின்றன. இந்தக் காட்சி முடிந்ததும் வரும் கதைத் திருப்பமே, தொழிற்சாலையில் செய்த ஒரு உடம்பு தானாக எழுந்து நடந்து வெளியே போனது என்பதுதான். ஆக அந்த மூன்று நிமிடத்தில் கதை நகர்ந்திருக்கிறது. தன் உடம்பும் கடைச்சரக்குதான் என்பதை அவள் கண்ணாலேயே தெரிந்துகொள்கிறாள். இதையே வசனமாக வைத்திருந்தால் அரை நிமிடத்தில் முடிந்திருக்கும், மனதில் நின்றிருக்காது.

பாட்டையும் சொல்லவேண்டும். கென்ஜி கவாயின் இசை. பழைய ஜப்பானிய மொழியில் அமைந்த கல்யாணப் பாட்டை நாட்டுப்புறப் பாடகிகள் பாடுகிறார்கள். கேட்பதற்கு நம் ஊர் ஒப்பாரி போல நெஞ்சைப் பிசையும். மூன்று இடத்தில் வரும்: தொடக்கத்தில் உடம்பு உருவாகும்போது, இந்த நகரக் காட்சியில், கடைசியில் எழுத்து ஓடும்போது. அது ஏன் கல்யாணப் பாட்டு என்பது முடிவில்தான் விளங்கும், இங்கே உடைக்கமாட்டேன். ஆங்கிலம் பேசும் பழைய வெளியீட்டில் கடைசிப் பாட்டை எடுத்துவிட்டு வேறொன்றைப் போட்டிருக்கிறார்கள். ஆகவே ஜப்பானியப் பதிப்பையே தேடி எடுங்கள். 2008இல் '2.0' என்று ஒன்று வந்தது. தொடக்கம் உட்படச் சில காட்சிகளைக் கணினி வரைகலையில் மாற்றி, நிறத்தையும் மாற்றிவிட்டார்கள். அது வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. தொடக்கத்திலேயே ஆடையில்லாத உடம்பு வரும், பின்னாலும் வரும். வளவு என்றால் ஆச்சிமார் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். அழைப்பிலேயே பெரியவர்களுக்கான படம் என்று போட்டுவிடுங்கள்.

இரண்டாங்கட்டு:

பட்டாலை அண்ணன் நகரக் காட்சியைப் பற்றிச் சொன்னதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் போர் அடிக்கிறது என்பவர்களை ரசனை இல்லாதவர்கள் என்று தள்ளிவிடக்கூடாது. அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது, காரணத்தைத்தான் மாற்றிச் சொல்கிறார்கள். ஓஷீ படத்தில் ஜனம் நெளிவது பாத்திரங்கள் பேசும்போது. மௌனக் காட்சிகளில் யாரும் நெளிவதில்லை.

'இன்னசன்ஸ்' (2004) நல்ல உதாரணம். கான் திரைப்பட விழாவில் போட்டிப் பிரிவுக்குப் போன படம், ஒவ்வொரு சட்டகமும் (ஃப்ரேம்) கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். ஆனால் பாத்திரங்கள் வாயைத் திறந்தால் மேற்கோள்தான். கன்பூசியஸ், டெகார்ட், மில்டன், பைபிள் என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். ஜப்பானிய மொழியில் காதால் கேட்பவர் படத்தையும் பார்த்துக்கொள்ளலாம். நமக்குக் கண் முழுக்கக் கீழே எழுத்தில் மாட்டிக்கொள்கிறது. எழுத்தைப் படித்து முடிப்பதற்குள் படம் போய்விடும், படத்தைப் பார்த்தால் எழுத்து போய்விடும். இரண்டும் கைநழுவினால் அலுப்பு வராமல் என்ன செய்யும்?

அதே படத்தில் கிம் என்பவனின் மாளிகைக்குள் இருவர் போகும் பகுதி, சிறுசிறு மாற்றங்களோடு மூன்று முறை திரும்ப வரும். கதைப்படி அது மூளைக்குள் நடக்கும் ஊடுருவல். தெரியாதவர்கள் டிஸ்க் மாட்டிக்கொண்டது என்று புரொஜெக்டரைத் திரும்பிப் பார்ப்பார்கள். இந்தப் படத்தைப் போடுவதானால் இதை மட்டும் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். ஆனால் படத்தின் நாயகன் பாட்டோ வீட்டுக்குப் போய் நாய்க்குச் சோறு வைக்கும் காட்சி இருக்கிறதே, பேச்சே இல்லாத அந்தக் காட்சியில் ஒருவர்கூட அசையமாட்டார்கள். காது தொங்கும் பேசட் நாய், கனத்த உடம்பு, அது நடக்கும் விதம். தன் உடம்பை இழந்துவிட்ட ஒருவனுக்கு, கையால் தொட ஒரு உடம்பு. படத்தின் சாரம் அங்கேயே இருக்கிறது, மேற்கோள் எதுவும் தேவைப்படவில்லை.

'பாட்லேபர் 2' (1993) கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். அதில் அநீதியான அமைதி, நியாயமான போர் என்று இருவர் படகில் நீளமாகப் பேசுவார்கள். அங்கே மட்டும் பேச்சு எனக்கு உறுத்துவதில்லை. பேசும் முகங்களை விட்டுவிட்டு, படகிலிருந்து தெரியும் தண்ணீரையும் கரையையும் கட்டடங்களையும் காட்டிக்கொண்டே போகிறார். எந்த அமைதியைப் பற்றிப் பேசுகிறார்களோ அது கண்முன்னால் நகர்கிறது. பிறகு டோக்கியோ தெருவில் ராணுவம் வந்து நிற்கிறது, பனி பெய்கிறது, ஜனம் வழக்கம்போல வேலைக்குப் போகிறது. எனக்கு ஓஷீயின் உச்சம் அதுதான். இரண்டாவது திரையிடலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சப்டைட்டிலுக்கு என் யோசனை: தமிழில் நீங்களே எழுதுங்கள். வரிக்கு வரி மொழிபெயர்க்கவேண்டாம், சாரத்தைச் சுருக்குங்கள். திரையில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம், எதுவும் இரண்டு விநாடிக்குக் குறைவாக நிற்கவேண்டாம். தமிழ்ச் சொல் நீளம், ஆங்கில நேரக்கணக்கு அப்படியே ஒத்துவராது. கோப்பை யூடிஎஃப் 8 முறையில் சேமியுங்கள், இல்லாவிட்டால் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வரும். அப்படிச் சேமித்தும் சில கருவிகளில் கொம்பும் காலும் பிரிந்து நிற்கும், ஓடவிடப்போகும் அதே கருவியில் முந்தின நாளே பார்த்துவிடுங்கள். 'கோஸ்ட் இன் த ஷெல்' படத்தில் நகரக் காட்சிக்கு முன் வரும் படகுப் பேச்சை மட்டும் சுருக்காமல் முழுதாகக் கொடுங்கள்.

பள்ளத்தூர்_ஒலி:

படத்தைப் பற்றி இருவரும் சொல்லிவிட்டார்கள், நான் இடத்தைப் பற்றிச் சொல்கிறேன். இந்தப் படங்கள் போர் அடிக்கும் என்று பெயர் வாங்குவதில் பாதி, போட்ட விதத்தால் வருவது.

ஓஷீயின் படம் இருட்டில் நடப்பது. கறுப்பு கறுப்பாகத் தெரியவேண்டும். நம் வீட்டு முட்டைப்பூச்சுச் சுவர் கண்ணாடி மாதிரி. திரையில் படும் வெளிச்சம் சுவரில் பட்டுத் திரும்பி மறுபடி திரையிலேயே விழுந்து, கறுப்பைச் சாம்பலாக்கிவிடும். மழையும் கால்வாயும் ஒரே சாம்பல் குழம்பாகிவிட்டால் பார்ப்பதற்கு என்ன மிச்சம்? திரைக்கு இரண்டு பக்கமும் ஆறேழு அடிக்குக் கறுப்புக் காடாத்துணி தொங்கவிடுங்கள். திரைக்கு முன்னால் இருக்கும் தரையிலும் கருநிற ஜமுக்காளம் விரியுங்கள், ஆத்தங்குடிக் கல்லும் அதே வேலையைத்தான் செய்யும்.

முற்றம் திறந்திருப்பதால் நிலவையும் கணக்கில் எடுக்கவேண்டும். பௌர்ணமியை ஒட்டி வைக்காதீர்கள், அமாவாசை வாரம் பாருங்கள். ஏழேகாலுக்கு முன் தொடங்கவேண்டாம். திரையைப் பெரிதாக்கும் ஆசையும் வேண்டாம். அகலத்தை இரண்டு மடங்காக்கினால் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகிவிடும். நாற்பது பேருக்கு எட்டடி அகலம் போதும். முற்றத்தின் குறுகிய பக்கத்தில் இரண்டு தூணுக்கு நடுவே கட்டி, எல்லாரையும் முற்றத்துக்குள்ளேயே உட்காரவையுங்கள். தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தவர் எழுந்துதான் போவார். தரையில் உட்கார்ந்தால் திரையின் அடி மூன்றடி உயரத்தில் இருக்கட்டும், நாற்காலி என்றால் நாலடிக்கு மேல். இல்லாவிட்டால் முன்வரிசைத் தலை சப்டைட்டிலை மறைக்கும்.

புரொஜெக்டரில் மோஷன் ஸ்மூதிங் என்று என்ன பெயரில் இருந்தாலும் அணைத்துவிடுங்கள். கையால் வரைந்த படத்தில் ஒரே ஓவியம் இரண்டு மூன்று சட்டகத்துக்கு நிற்கும். கருவி நடுவில் இல்லாத ஓவியத்தைத் தானே செய்து செருகினால் முகம் மெழுகு மாதிரி இழுபடும். நாய்ஸ் ரிடக்‌ஷனும் வேண்டாம், மழைத்தூறலைத் தூசி என்று நினைத்துத் துடைத்துவிடும். ஷார்ப்னஸைக் குறையுங்கள்.

முக்கியமானது, பிளேயரை 24 ஹெர்ட்ஸில் வையுங்கள். படம் விநாடிக்கு 24 சட்டகம். 60இல் ஓடவிட்டால் ஒரு சட்டகம் இரண்டு தடவை, அடுத்தது மூன்று தடவை என்று காட்டும். வேகமான படத்தில் அது தெரியாது. ஓஷீ மெதுவாகக் கேமராவை நகர்த்துகிறவர், அவர் படத்தில் ஒவ்வொரு நகர்வும் தட்டித்தட்டிப் போகும். பார்ப்பவருக்கு ஏன் என்று தெரியாது, கண் மட்டும் களைத்துப்போகும்.

ஒலிக்கு வளவில் நின்று ஒருமுறை கை தட்டிப் பாருங்கள். கல் தரை, பூச்சுச் சுவர், மச்சு எல்லாம் திருப்பி அடிக்கும். சத்தத்தைக் கூட்டினால் எதிரொலியும் சேர்ந்து கூடும். பெட்டிகளை ஆட்களுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, சத்தத்தைக் குறைவாக வையுங்கள். முற்றத்தைச் சுற்றியுள்ள பட்டாலையிலும் பத்தியிலும் பாய், கம்பளம், கனத்த துணி எது கிடைத்தாலும் தொங்கவிடுங்கள். பத்தியில் ஓடும் மின்விசிறியை நிறுத்துங்கள். மௌனமான காட்சியில் விசிறிச் சத்தம் கேட்டால் மௌனம் வெறும் சும்மாவாகிவிடும். கோயிலில் விசேஷம் இருக்கும் வாரமும் வேண்டாம்.

பொதுத் திரையிடலுக்கு உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். கடையில் வாங்கிய டிஸ்க் வீட்டில் பார்ப்பதற்கு மட்டும்தான்.

காரைக்குடித்திரை:

மூவருக்கும் ரொம்ப நன்றி. 'கோஸ்ட் இன் த ஷெல்' முடிவு. குழுவில் ஒருவர் 'ஏஞ்சல்ஸ் எக்'தான் முதலில் என்று பிடிவாதமாக நிற்கிறார், புதுப்பித்த பிரதி வந்திருக்கிறதாம். 'ஸ்கை க்ராலர்ஸ்' கேட்டும் இரண்டு பேர். அவற்றை எப்போது வைப்பது?

பட்டாலை:

'ஏஞ்சல்ஸ் எக்' 1985, 71 நிமிடம். 4கே பிரதி 2025இல் கான் விழாவில் காட்டப்பட்டது. யோஷிடகா அமானோவின் உருவங்கள் கொள்ளை அழகு. ஆனால் முதலில் வேண்டாம். ஒரு சிறுமி, அவள் காப்பாற்றும் ஒரு முட்டை, வழியில் வரும் ஒரு இளைஞன். பேச்சு மிகமிகக் குறைவு, கதையென்று கையில் பிடிக்க எதுவும் கிடையாது.

அதில் சிறுமி தூங்க, பக்கத்தில் அவன் உட்கார்ந்திருக்கும் ஒரு அசையாத சட்டகம் ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்கும். அசைவது நெருப்பின் வெளிச்சம் மட்டும். புதியவர்கள் அங்கேதான் போனை எடுப்பார்கள். ஓஷீயின் மற்ற படம் இரண்டு பார்த்தவர்களுக்கு, அவன் எழுந்துவிடக்கூடாதே என்று வயிற்றைப் பிசையும். ஏனென்றால் முட்டையை அவன் என்ன செய்வான் என்ற கேள்வி படம் முழுக்கத் தொங்கிக்கொண்டிருக்கிறது. மூன்றாவதாக வையுங்கள்.

இரண்டாங்கட்டு:

'ஸ்கை க்ராலர்ஸ்' (2008) நாலாவது. வயதே ஏறாத விமானிகள், முடியாத ஒரு போர். தரையில் நடப்பதெல்லாம் வேண்டுமென்றே மந்தமாக இருக்கும், அவர்களுடைய ஒவ்வொரு நாளும் ஒரே நாள் என்பதால். ஒரு விமானி செய்தித்தாளைப் படித்ததும் மடிப்புக் கலையாமல் நேர்த்தியாக மடித்து வைப்பதைப் பார்த்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அவன் செத்தபின் புதிதாக ஒருவன் வருகிறான், பேர் வேறு. அவனும் செய்தித்தாளை அதே மாதிரி மடிக்கிறான். அதைக் கவனிக்காதவருக்குப் படம் இரண்டு மணி நேரத் தூக்கம், கவனித்தவருக்குக் குலை நடுங்கும்.

எழுத்து ஓடி முடிந்த பிறகும் ஒரு காட்சி இருக்கிறது, படமே அதில்தான் முடிகிறது. வளவில் விளக்கு ஸ்விட்ச் பக்கத்தில் யார் உட்காருகிறாரோ அவரிடம் முதலிலேயே சொல்லி வையுங்கள்.