சார், அடுத்து எதை அமுக்கணும்?

பைட் வாத்தியார்:
எட்டு வருடமாக டிஜிட்டல் தடயவியல் நடத்துகிறேன். முதலில் பாடம், அப்புறம் லேப். இமேஜ் (டிஸ்கின் அச்சு அசல் நகல்) எடு, ஹேஷ் (நகல் மாறவில்லை என்று காட்டும் கைரேகை போன்ற எண்) சரிபார், ஆட்டாப்சி என்ற மென்பொருளில் திற, அழிந்த கோப்பை மீட்டெடு என்று படிகள் அச்சடித்த தாள் எல்லோர் கையிலும் இருக்கும். மதிப்பெண்ணுக்குக் குறைவில்லை. தாளைப் பிடுங்கிக்கொண்டால் கை ஓடுவதில்லை.

இந்த முறை சிக்கலை முதலில் வைத்து, அதிலிருந்து பாடத்துக்குப் போகும் முறைக்கு மாறினேன். 1960களின் கடைசியில் கனடாவின் மெக்மாஸ்டர் மருத்துவக் கல்லூரி தொடங்கிவைத்த முறை. நோயாளியின் கதையைக் கொடுத்துவிட்டு, அதற்கு வேண்டியதை மாணவர்களே தேடிப் படிக்கட்டும் என்று விடுவார்கள். நமக்கு நோயாளி ஹார்டு டிஸ்க், அவ்வளவுதானே என்று நினைத்துவிட்டேன்.

ஆறு குழு. அமெரிக்க அரசின் தர நிறுவனமான நிஸ்ட் பயிற்சிக்கென வெளியிட்டிருக்கும் ஓர் இமேஜைக் கொடுத்து, 'என்ன நடந்தது, கண்டுபிடியுங்கள்' என்றேன். ஒரு குழு இணையத்தில் விடையைத் தேடி எடுத்து இருபது நிமிடத்தில் முடித்தது. இரண்டு குழு தெரிந்த கருவியை எல்லாம் வரிசையாக ஓட்டிக்கொண்டிருந்தது. மற்றவர்கள், 'சார், அடுத்து எதை அமுக்கணும்?' நான் வாயைத் திறந்தால் பழைய லேப்தான். திறக்காவிட்டால் சொல்லித்தராத வாத்தியார். எங்கே பிசகினேன்?

ரைட் பிளாக்கர்:
வணக்கம் சார். பதினோரு வருடம் ஆய்வகத்தில் டிஸ்க் பார்த்தேன், இப்போது பகுதிநேரமாக வகுப்பும் எடுக்கிறேன். நீங்கள் வைத்தது புதையல் வேட்டை. 'என்ன நடந்தது' என்று மொட்டையாக என்னிடம் யாரும் கேட்டதில்லை. 'வேலையை விடும் முன் இவர் விலைப்பட்டியலை எடுத்துப்போனாரா?' என்பார்கள். கேள்வி குறுகலாக இருந்தால்தான் எந்தத் தடயம் வேண்டும் என்று யோசிக்கவே தோன்றும்.

நான் கொடுப்பது ஒரு விண்டோஸ் லேப்டாப் இமேஜ், ஒரு பென் டிரைவ் இமேஜ், அரைப் பக்கப் புகார்க் கடிதம். எல்லாம் நானே தயாரித்தவை, இணையத்தில் விடை கிடையாது. பென் டிரைவில் உள்ள கோப்பு, உருவாவதற்கு முன்பே மாற்றப்பட்டதாக நேரம் காட்டும். 'கடிகாரத்தைத் திருகிவிட்டான்' என்று பிள்ளைகள் குதிப்பார்கள். குதிக்கட்டும். 'வேறு எப்படி இப்படி ஆகும்? செய்து காட்டு' என்று மட்டும் கேட்பேன். ஒரு கோப்பை நகலெடுத்துப் பார்த்ததும் புரிந்துவிடும். விண்டோஸில் நகலுக்கு உருவான நேரம் புதிதாக விழுகிறது, மாற்றிய நேரம் பழையதே கூட வருகிறது.

அடுத்து, இரண்டு இமேஜிலும் நேரம் சில மணி தள்ளி நிற்கும். லேப்டாப்பின் கோப்பு முறையான என்டிஎஃப்எஸ் நேரத்தை யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) வைக்கிறது, பென் டிரைவின் ஃபேட்32 உள்ளூர் நேரத்தில். ஃபேட்டில் மாற்றிய நேரம் இரண்டு நொடிக்கு ஒன்றாகத்தான் பதிவாகும் என்பதால், ஒரு நொடி இடிப்பதற்குக்கூட விளக்கம் கேட்டு வருவார்கள். இதில் எதையும் நான் பலகையில் எழுதியதில்லை.

ஒன்று மட்டும்: தயாரிக்கும் முன் பென் டிரைவ் முழுக்கப் பூஜ்யம் எழுதிவிடுங்கள். நான் எழுதாமல் விட்டு, என் பழைய வினாத்தாளையும் சேர்த்து மீட்டெடுத்துவிட்டார்கள்.

கடைசி பெஞ்ச்:
சார், இந்த முறையில் படித்தவன் நான். முதல் இரண்டு வாரம் எரிச்சல்தான். வழிக்கு வந்தது, ஒரு குழுவின் அறிக்கையை இன்னொரு குழு வகுப்பில் கேள்வி கேட்கும் குறுக்கு விசாரணையில். பென் டிரைவ் செருகப்பட்டதை, விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியின் யுஎஸ்பிஸ்டோர் பகுதி காட்டியது. அதை வைத்து 'அவர்தான் செருகினார்' என்று அறிக்கையில் எழுதிவிட்டோம். எதிர்க் குழுவில் ஒருத்தி எழுந்து, 'லேப்டாப் அவருடையது, சரி. கை யாருடையது?' என்றாள். பதிலே இல்லை. ராத்திரி உட்கார்ந்து லாகின் பதிவுகளைப் படித்தோம். எந்தப் பரீட்சைக்கும் அப்படிப் படித்ததில்லை.

பைட் வாத்தியார்:
இருவருக்கும் நன்றி. பென் டிரைவில் பூஜ்யம் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்னொரு சந்தேகம்: 'இந்தச் சான்றை வைத்துச் சொல்ல முடியாது' என்று ஒரு குழு முடித்தால் என்ன மார்க் போடுவது?

ரைட் பிளாக்கர்:
ஏன் முடியாது, இன்னும் எது கிடைத்தால் முடியும் என்று எழுதியிருந்தால் முழு மார்க். போன முறை அப்படி வாங்கியது இரண்டு குழு. 'ஆம், எடுத்தார்' என்று அடித்துச் சொன்ன குழு, இமேஜ் எடுத்தபோது ஹேஷையே குறித்துவைக்கவில்லை.