செர்மாட்டில் கோடைப் பனிச்சறுக்கு இனியும் வேண்டுமா?

மலைநேசன்:
சுவிட்சர்லாந்தின் செர்மாட்டில் வருடம் 365 நாளும் பனிச்சறுக்கு உண்டு என்று விளம்பரம் செய்கிறார்கள். 2022 ஜூலை கடைசியில் வெயில் தாங்காமல் அந்தச் சறுக்கு நடக்கும் தியோடுல் பனியாறு உருகி, கோடைச் சறுக்கையே கொஞ்ச காலம் நிறுத்த வேண்டி வந்தது. அந்த ஒரு வருடத்தில் மட்டும் சுவிஸ் பனியாறுகள் தம் பனியில் சுமார் 6 சதவீதத்தை இழந்தன, அடுத்த வருடம் மேலும் 4. கோடைச் சறுக்கை மொத்தமாகக் கைவிட்டு, குளிர்காலத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

வாலிஸ் குமரன்:
நிறுத்து என்று சொல்வது சுலபம். நான் இந்தப் பள்ளத்தாக்கில் ஹோட்டல் சமையலறையில் வேலை செய்கிறேன். குளிர்காலத்தை மட்டும் நம்பும் மலை ஊர்களில் ஈஸ்டர் முடிந்ததும் கதவைச் சாத்திவிடுவார்கள், வேலை ஒப்பந்தமும் அதோடு முடியும். அப்புறம் டிசம்பர் வரை வேறு இடம் தேட வேண்டும். பிள்ளைகளை எந்த ஊர்ப் பள்ளியில் சேர்ப்பது?

கோடையில் பல நாட்டு அணிகள் பயிற்சிக்கு வருகின்றன. விடிவதற்கு முன்பே எழுந்து அவர்களுக்கு முட்டை, ரொட்டி, ஓட்ஸ் எல்லாம் தயார் செய்கிறோம். முதல் கேபிள் காரில் ஏறிப் போய்விடுவார்கள், ஏனென்றால் காலையில்தான் பனி இறுகியிருக்கும். மதியத்துக்குள் கஞ்சி மாதிரி குழைந்துவிடும், எல்லாரும் கீழே இறங்கிவிடுவார்கள். அந்த நாலைந்து மணி நேரச் சறுக்கை நம்பித்தான் இங்கே பல வீடுகளில் அடுப்பு எரிகிறது.

ரேவதி (புவியியல்):
குமரன் அண்ணா, உங்கள் கவலை நியாயமானது. ஆனால் உயரம் காப்பாற்றும் என்ற நம்பிக்கை போய்விட்டது. செர்மாட்டின் மேலே கேபிள் கார் நிலையம் இருக்கும் கிளைன் மாட்டர்ஹார்ன் சிகரம் 3,883 மீட்டர். 2023 ஆகஸ்டில் சுவிட்சர்லாந்துக்கு மேலே வெப்பநிலை பூஜ்ஜியத்தைத் தொட்ட உயரம் 5,298 மீட்டர். ஊருக்கு மேலே நிற்கும் பெரிய மாட்டர்ஹார்ன் மலையின் உச்சியே 4,478 மீட்டர்தான்! ஆல்ப்ஸ் முழுவதிலும் அந்த உயரத்துக்கு மேலே ஒரு சிகரம்கூட இல்லை. சறுக்குத் தளத்தை இதற்கு மேல் எங்கே கொண்டுபோவது?

மலைநேசன்:
அதேதான். 2023 இலையுதிர்காலத்தில் பனிச்சறுக்கு உலகக் கோப்பைப் பந்தயப் பாதைக்காகப் பனியாற்றையே எக்ஸ்கவேட்டரால் வெட்டினார்கள். கடைசியில் 2022இலும் சரி, 2023இலும் சரி, அங்கே ஒரு பந்தயம்கூட நடக்கவில்லை.

வாலிஸ் குமரன்:
பந்தயத்துக்காக வெட்டியதை நானும் ஆதரிக்கவில்லை. ஆனால் பனியாறு உருகுவது சறுக்குவதாலா? உலகம் முழுக்க எரிக்கிற எண்ணெயாலும் நிலக்கரியாலும். சறுக்கை நிறுத்தினாலும் அது உருகிக்கொண்டேதான் இருக்கும். வேலை மட்டும்தான் போகும்.

மலைநேசன், குளிர்காலத்தை மட்டும் நம்பச் சொல்கிறீர்கள். 2018 ஜனவரியில் கனத்த பனியில் சாலையும் ரயிலும் துண்டிக்கப்பட்டு 13,000 சுற்றுலாப் பயணிகள் செர்மாட்டில் மாட்டிக்கொண்டார்கள். ஊருக்குள் வர ஒரே பள்ளத்தாக்குதான். ஒரு பருவத்தை மட்டும் நம்பினால் இதுதான் கதி.

ரேவதி (புவியியல்):
கோடை வருமானம் வேண்டும் என்பதில் நான் உங்கள் பக்கம், அண்ணா. ஆனால் கோடை என்றால் சறுக்கு என்று ஏன் நினைக்க வேண்டும்? செர்மாட் வளர்ந்ததே கோடை ஊராகத்தான். 1865 ஜூலையில் ஆங்கிலேய மலையேறி விம்பரின் குழு மாட்டர்ஹார்ன் உச்சியை முதன்முதலில் தொட்டது. இறங்கும்போது ஏழு பேரில் நால்வர் விழுந்து இறந்தார்கள். அந்தச் செய்தி பரவித்தான் ஊர் பெயர் பெற்றது. 3,089 மீட்டர் உயரத்தில் இருக்கும் கோர்னர்கிராட் முகட்டுக்கு ஏறும் பற்சக்கர ரயில் 1898இலேயே ஓடியது. குளிர்காலத்துக்கு ஹோட்டல்களைத் திறந்துவைக்கும் வழக்கம் 1920களின் கடைசியில்தான் தொடங்கியது. இன்றைக்கும் கோடையில் நடக்கவும் மலையைப் பார்க்கவும் வருகிறவர்களுக்குக் குறைவில்லை.

வாலிஸ் குமரன்:
நடக்கிறவர்களுக்கும் மலை இப்போது பத்திரமில்லையே. 2003 வெப்ப அலையில் மாட்டர்ஹார்னின் ஹோர்ன்லி முகட்டில் பாறை சரிந்து, ஏறிக்கொண்டிருந்தவர்களை ஹெலிகாப்டரில் மீட்டார்கள். பாறையைப் பிணைத்து வைத்திருக்கும் உறைபனி இளகுகிறது. 2025 மே மாதம் செர்மாட் இருக்கும் இதே வாலிஸ் மாநிலத்தில் பிளாட்டன் கிராமத்தைப் பனியாறும் பாறையும் சேர்ந்து புதைத்ததைப் பார்த்தோம்.

மலைநேசன்:
அந்த ஆபத்தைக் கண்காணித்ததால்தான் பிளாட்டன் மக்களை முன்கூட்டியே வெளியேற்ற முடிந்தது. கோடைச் சறுக்கைத் தாங்கிப் பிடிக்கக் கொட்டும் பணத்தை அந்தக் கண்காணிப்புக்கும் நடைபாதைகளுக்கும் மாற்றலாம். குளிர்காலத்தோடு நிறுத்தலாம் என்றதை மாற்றிக்கொள்கிறேன்: ஊர் கோடையிலும் திறந்திருக்கட்டும், பனியாற்றின் மேல் மட்டும் வேண்டாம்.

வாலிஸ் குமரன்:
எங்கள் ஒப்பந்தம் பன்னிரண்டு மாதமாகவே இருக்கும் என்று முதலில் எழுதிக் கொடுக்கட்டும். அதுவரை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.