சாயச் சோதனையில் சிவப்பு வரவில்லை, மஞ்சள்தான் வருகிறது. அவசரம்!

கடைசிபெஞ்ச்: நாளை மறுநாள் பிராக்டிகல். கொடுத்த ஆர்கானிக் சாம்பிள் அமீன் (அமோனியாவிலிருந்து வரும் நைட்ரஜன் சேர்மம்) என்றுதான் நினைக்கிறேன். ஆனால் சாயச் சோதனை (அமிலத்தோடு நைட்ரைட் விட்டு, பிறகு பீட்டா நாப்தால் ஊற்றிச் சாயம் வருகிறதா என்று பார்ப்பது) செய்தால் ஆரஞ்சுச் சிவப்பு வராமல் மஞ்சளாக ஏதோ வருகிறது. எத்தனை தடவை செய்தாலும் அதேதான். சீக்கிரம் சொல்லுங்கள்.

நெல்லைக்காரன்: ஐஸில் வைத்தாயா தம்பி? 5 டிகிரிக்கு மேல் போனால், அமீனும் நைட்ரைட்டும் சேர்ந்து உண்டான டையசோனியம் உப்பு உடைந்து நைட்ரஜன் குமிழாகப் போய்விடும், மிஞ்சுவது பீனால். எங்கள் லேபில் பாதிப் பேருக்கு இதனால்தான் வராது.

பிப்பெட்: சாம்பிள் திடமா திரவமா? நீர்த்த அமிலத்தில் கரைந்ததா? பீட்டா நாப்தாலை எதில் கரைத்தாய்? இதெல்லாம் சொல்லாமல் என்ன சொல்வது?

பேராசான்: அமீன் என்று 'நினைக்கிறேன்' என்பவருக்குச் சாயச் சோதனை எதற்கு? பீட்டர் கிரீஸ் 1858-லேயே டையசோ சேர்மங்களைக் கண்டறிந்துவிட்டார். இப்போதைய பிள்ளைகளுக்கு ஐஸ்பெட்டி இருந்தும் வரவில்லை.

கருப்புமசி: எனக்கு இது செகண்டரி அமீன் (நைட்ரஜனில் இரண்டு கார்பன் தொகுதிகள்; பிரைமரியில் ஒன்றுதான்) என்றே படுகிறது. அந்த வகையான என்-மெதில் அனிலீன், நைட்ரைட்டும் அமிலமும் சேர்ந்து வரும் நைட்ரஸ் அமிலத்தோடு மஞ்சள் எண்ணெய்தான் தரும், நைட்ரசோஅமீன். கையில் படாமல் பார்த்துக்கொள், புற்றுநோய் ஆபத்து உண்டு.

கடைசிபெஞ்ச்: ஐஸ் வைத்தேன் அண்ணா. திரவம், பழுப்பு நிறம். ஹெச்சிஎல் (ஹைட்ரோகுளோரிக் அமிலம்) சில துளி விட்டேன், அப்புறம் நைட்ரைட். நாப்தாலைக் காஸ்டிக் சோடாவில்தான் கரைத்தேன்.

பிப்பெட்: சில துளிதானா! மஞ்சள் நாப்தால் ஊற்றும் முன்பே வந்ததா, பின்பா? எண்ணெயா, பொடியா? முன்பே பொடியாக வந்தால் அமிலம் போதவில்லை. சாம்பிள் அனிலீன் என்ற பிரைமரி அமீனாக இருந்தால், அதன் 1 மோலுக்குச் சமன்பாட்டின்படியே 2 மோல் ஹெச்சிஎல் வேண்டும், நடைமுறையில் 2.5 முதல் 3 மோல் எடுப்பார்கள். குறைந்தால் உப்பாக மாறாமல் மிச்சமிருக்கும் அனிலீனே டையசோனியத்தோடு சேர்ந்து டையசோஅமினோபென்சீன் ஆகிவிடும். மஞ்சள் அதுதான்.

கருப்புமசி: எண்ணெயாக இருந்தால் நான் சொன்னதுதான். கார்பைலமீன் சோதனை செய்து பார்த்தால் தெரிந்துவிடும், பிரைமரி என்றால் நாற்றம் வரும்.

பேராசான்: 2026-லும் கார்பைலமீனா? குளோரோஃபார்ம், ஆல்கஹாலிக் பொட்டாஷ், கடைசியில் லேபையே காலி செய்ய வேண்டும். ஹின்ஸ்பெர்க் 1890-ல் சொன்ன முறை எதற்கு இருக்கிறது? அமீனோடு பென்சீன் சல்ஃபோனைல் குளோரைடு சேர்த்தால் வரும் சல்ஃபோனமைடு காரத்தில் கரைந்தால் பிரைமரி, கரையாவிட்டால் செகண்டரி.

நெல்லைக்காரன்: கேட்க நன்றாக இருக்கிறது சார். எங்கள் லேபில் பென்சீன் சல்ஃபோனைல் குளோரைடு பாட்டில் ஈரம் பட்டு வெளுத்துப்போய் நிற்கிறது. நாற்றம் மட்டும் எங்கும் பொய் சொல்லாது. முடிந்ததும் அடர் ஹெச்சிஎல் ஊற்றினால் அதுவும் போய்விடும்.

பேராசான்: பாட்டிலை மூடி வைக்கத் தெரியாததற்கு ஹின்ஸ்பெர்க் என்ன செய்வார்?

நெல்லைக்காரன்: கெமிக்கல் வாங்கித் தருவது நீங்களா சார்?

கடைசிபெஞ்ச்: பொடிதான், நாப்தாலுக்கு முன்பே வந்தது. ஆசிட் கூட்டி ஊற்றினேன், சிவப்பு வந்துவிட்டது. நன்றி.

பிப்பெட்: எவ்வளவு ஊற்றினாய்? ஸ்டார்ச் அயோடைடு தாளில் பார்த்தாயா? நீலம் வந்ததும் நைட்ரைட்டை நிறுத்த வேண்டும்.

கருப்புமசி: அப்போதும் கார்பைலமீன் செய்துவிடு, ரெக்கார்டில் கேட்பார்கள்.

பேராசான்: ஹின்ஸ்பெர்க்.