வால்வு ஆம்ப் பார்க்கத் தெரிஞ்ச மெக்கானிக் வேணும் (களியக்காவிளை பக்கம்)

அண்ணன்மாரே, என்கிட்ட 15 வாட் வால்வு கிட்டார் ஆம்ப் இருக்கு, பவருக்கு இரண்டு இஎல்84 வால்வு. வால்யூமைப் பூஜ்யத்துல வச்சாலும் 'ம்ம்'னு வர்ற ஹம் இரைச்சல் குறையல. பவர் சப்ளைல இருக்கிற ஃபில்டர் கெப்பாசிட்டர் மேலதான் சந்தேகம். கிட்டார் சிக்னலை முதல்ல பெருக்குற 12ஏஎக்ஸ்7 வால்வைப் பென்சிலால தட்டினா ஸ்பீக்கர்ல 'டிங்'னு மணிச்சத்தம். அந்த வால்வை நானே மாத்திருவேன். ஆனா உள்ளே இருக்கிற சர்க்யூட்ல கை வைக்கமாட்டேன். சுவிட்சை அணைச்ச பிறகும் கெப்பாசிட்டர்ல 300 வோல்ட் வரை நிக்கலாம். மார்த்தாண்டம், பாறசாலை, நெய்யாற்றின்கரையில பழைய வால்வு ரேடியோ பார்த்த மெக்கானிக் யாராவது இருக்காங்களா? மலையாளத்துல பேசினாலும் எனக்குப் பிரச்சினை இல்ல.

இன்னொண்ணு, ராத்திரி ரெக்கார்டிங். பக்கத்து வீட்ல கைக்குழந்தை. ஸ்பீக்கரைச் சும்மா கழட்டிட்டு வாசிச்சா அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரே போயிரும். அதனால ஸ்பீக்கருக்குப் பதிலா சத்தமில்லாம மாட்டுற 8 ஓம் ரியாக்டிவ் லோட் பாக்ஸ் வாங்கலாம்னு இருக்கேன். வச்சிருக்கிறவங்க சொல்லுங்க: வாசிக்கிறப்போ விரலுக்கு ஆம்ப் பதில் சொல்ற அந்த உணர்வு அதுல கிடைக்குதா?