சுடுநீர் எண்ணெயாக்கல் என்று சொல்லலாமா?

அன்பின் அக்காவுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

ஈரமான தாவரக் கழிவை அதன் நீரோடேயே அமுக்கத்தில் சூடாக்கி எண்ணெயாக மாற்றும் முறைதான் ஹைட்ரோதேர்மல் லிக்விஃபாக்ஷன். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் உரையாடலில் அக்கா தந்த 'நீர்வெப்பத் திரவமாக்கல்' என்ற சொல்லை, வெள்ளவத்தையில் என்னிடம் இரசாயனம் படிக்கும் உயர்தர மாணவர்களிடம் சொல்லிப் பார்த்தேன். ஒரு பிள்ளை உடனே கேட்டாள்: "தண்ணியைத் திரவமாக்கிறதா சேர்? அது ஏற்கெனவே திரவம்தானே?" அந்தக் கேள்வி இரண்டு நாளாக மனதை விட்டுப் போகவில்லை.

நாங்கள் படிப்பிக்கும்போது திரவமாக்கல் என்றால் வாயுவைத் திரவமாக்குவது. இங்கே நடப்பது வேறு. கால்வாயில் அள்ளிய ஆகாயத்தாமரையை எடுத்துக்கொள்ளுங்கள். பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். காற்றில்லாமல் சூடாக்கிச் சிதைக்கும் வெப்பப்பகுப்புக்கு அதை முதலில் உலர்த்த வேண்டும், அதற்கே பெருமளவு சக்தி போய்விடும். இந்த முறையில் ஈரத்தோடேயே கலனில் அடைத்து 250 முதல் 374 பாகை செல்சியஸ் வரை சூடாக்குகிறார்கள். அந்தச் சூட்டில் நீரே செலுலோசையும் புரதத்தையும் உடைக்கிறது, உடைந்ததைக் கரைத்தும் கொள்கிறது. ஆகவே சொல்லில் நீர் இருந்தே ஆக வேண்டும் என்று அக்கா பிடித்த பிடி சரி. மாற வேண்டியது பின்பாதி. நாம் தேடுவது எண்ணெய், அதனால் 'சுடுநீர் எண்ணெயாக்கல்' என்போமே.

அமுக்கம் விடுபட்டுவிட்டதே என்பீர்கள். 300 பாகையில் நீர் ஆவியாகாமல் இருக்க ஏறத்தாழ 85 வளிமண்டல அமுக்கம் வேண்டும். நீராவி என்னாமல் நீர் என்று சொல்லும்போதே அந்த அமுக்கம் உள்ளே வந்துவிடுகிறது. அமுக்கத்தால் கொதிக்காமல் நிற்கும் நீர் என்ற பொருளில் 'கொதியாநீர்' என்பதும் அழகான சொல், எனக்கும் அதில் ஆசைதான். ஆனால் 'கொதித்தாறிய நீரைப் பருகுங்கள்' என்று கேட்டு வளர்ந்த கொழும்புக்காரர் அதைப் பச்சைத்தண்ணீர் என்றே எடுப்பார்.

இன்னொரு வசதியும் உண்டு. 200 பாகையை ஒட்டி நடப்பது சுடுநீர்க் கரியாக்கல், எவ்வளவு அமுக்கினாலும் நீர் திரவமாக நிற்காத எல்லையான அவதி வெப்பநிலையை, அதாவது 374 பாகையை, தாண்டினால் சுடுநீர் வாயுவாக்கல். மூன்றும் ஒரே குடும்பமாக நிற்கும். எல்லாம் எண்ணெயாவதில்லை, கரியும் வாயுவும் கரைசலும் கூடவே வரும், சரி. விரும்பிச் செய்யும் பொருளால் பெயர் வைப்பதில் பிழையில்லை.

தாக்கத்தை விரைவாக்கும் கட்டலிஸ்டுக்கு இங்கே இலங்கையில் ஊக்கி, அங்கே தமிழ்நாட்டில் வினையூக்கி. 'பொற்றாசியம் காபனேற்றை ஊக்கியாகச் சேர்த்தால் கரி குறைந்து எண்ணெய் கூடும்' என்று எழுதினால் இரு கரையிலும் புரியும்.

சிக்கல், இந்த முறையில் கிடைக்கும் எண்ணெயான பயோகுரூடில்தான். நமக்கு மசகு எண்ணெய் என்றால் சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கப்பலில் வருவது. தமிழ்நாட்டில் அது கச்சா எண்ணெய். மசகு என்றால் உராய்வு குறையப் பூசுவது. 'உயிர் மசகெண்ணெய்' என்று எழுதினால் பாதிப் பேர் இயந்திரத்துக்கு இடும் எண்ணெய் என்று நினைப்பார்கள். கறுத்துத் தடித்த அந்த எண்ணெயில் ஒட்சிசன் இன்னும் மிச்சம் இருக்கும், ஐதரசனால் அதை நீக்கினால்தான் டீசலாக்கலாம். அந்தப் பக்குவப்படாத நிலை சொல்லிலேயே தெரிய வேண்டும். சென்னை, கோவை நண்பர்களே, 'பக்குவப்படா உயிரெண்ணெய்' உங்கள் காதுக்கு எப்படிக் கேட்கிறது?